மயக்கவியல் ஆய்வாளரின் வெளியீடுகளும் மேற்கோள்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவ நூலகப் பணியில் இருப்பதால், தேர்வுக் குழுவினர், முதுநிலை மாணவர்கள், ஆய்வு நிதிக்கு விண்ணப்பிப்போர் எனப் பலரும் என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. மயக்கவியல் ஆய்வாளர் ஒருவரின் வெளியீட்டுப் பட்டியலையும் மேற்கோள் எண்களையும் எப்படிப் படிப்பது என்பதே அவற்றின் சாரம். கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்து, எளியவற்றை முன்னும் சிக்கலானவற்றைப் பின்னுமாக அடுக்கியிருக்கிறேன்.

ஒருவர் பெயரில் 140 வெளியீடுகள் என்று இருக்கிறது. அத்தனையும் ஆய்வுக் கட்டுரைகளா?

அநேகமாக இருக்காது. அந்த 140க்குள் நோயாளிகளைக் குழுக்களாகப் பிரித்து நடத்திய சோதனைகள், பழைய மருத்துவப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வுகள், மீளாய்வுக் கட்டுரைகள், தலையங்கங்கள், ஒற்றை நோயாளி பற்றிய குறிப்புகள், ஆசிரியருக்குக் கடிதங்கள், மாநாட்டுச் சுருக்கங்கள் எல்லாம் கலந்திருக்கும். மயக்கவியலில் கடிதங்களுக்கும் ஒற்றை நோயாளிக் குறிப்புகளுக்கும் நீண்ட மரபு உண்டு. அரிய நோய்க்குறி கொண்ட குழந்தைக்கு மூச்சுக்குழாயில் குழாய் செலுத்திய விதம், நரம்புத் தடை ஊசியில் ஒரு சிறு மாற்றம், மயக்க இயந்திரத்தில் கண்ட கோளாறு போன்றவை இப்படித்தான் துறைக்குள் பரவுகின்றன. அவற்றுக்குரிய மதிப்பு அவற்றுக்கு உண்டு. ஆனால் ஐந்து ஆண்டுகள் உழைத்து முடித்த சோதனையும் ஒரு மாலையில் எழுதிய கடிதமும் பட்டியலில் ஆளுக்கொரு வரியாகத்தான் நிற்கும்.

ஆகவே முதல் வேலை பட்டியலை வகைவாரியாகப் பிரிப்பது. பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தில் வெளியீட்டு வகையைக் கொண்டு வடிகட்ட முடியும் என்பதால் இதற்கு அதிக நேரம் பிடிக்காது.

ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டினால் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்றுதானே அர்த்தம்?

இல்லை. பின்னால் வந்த ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பில் முன்னது இடம்பெற்றிருக்கிறது என்பதைத் தவிர மேற்கோள் எண்ணிக்கை வேறெதையும் சொல்வதில்லை. முறையைக் கடன் வாங்கியிருக்கலாம், முடிவை மறுத்திருக்கலாம், முன்னுரையில் வழக்கத்துக்காக ஒரு வரியில் குறிப்பிட்டிருக்கலாம். கடுமையாக மறுக்கப்பட்ட கட்டுரைக்கும் அதனாலேயே மேற்கோள்கள் சேரும். எத்தனை பேர் ஒரு கட்டுரையைக் கையில் எடுத்தார்கள் என்பதற்கான தோராயமான தடயமாக அதைக் கொள்வது பொருந்தும்; கட்டுரை உண்மையா என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. கீழே வரும் பல பதில்களுக்கும் இதுவே அடிப்படை.

எச் சுட்டெண்ணை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்வைத்த அளவு இது. ஒருவரின் கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்க வேண்டும். எத்தனையாவது கட்டுரை வரை அதன் வரிசை எண்ணுக்குக் குறையாத மேற்கோள்கள் இருக்கின்றனவோ, அந்த எண்ணே எச் சுட்டெண். ஒருவருடைய ஏழு கட்டுரைகளுக்கு முறையே 48, 30, 22, 9, 6, 5, 2 மேற்கோள்கள் என்று வைத்துக்கொண்டால், ஐந்தாவது கட்டுரைக்குக் குறைந்தது 5 மேற்கோள்கள் இருக்கின்றன. ஆறாவதற்கு 6 இல்லை. எனவே அவருடைய எச் சுட்டெண் 5. முதல் கட்டுரையின் 48 நாளை 4,800 ஆனாலும் இந்த 5 மாறாது.

இதன் பலமும் பலவீனமும் அந்தக் கடைசி வரியிலேயே இருக்கின்றன. தற்செயலாகப் புகழ்பெற்ற ஒற்றைக் கட்டுரையால் ஒருவர் உயர்ந்துவிட முடியாது. அதேபோல், துறையையே மாற்றிய ஒற்றைக் கட்டுரையை எழுதியவருக்கும் அதில் இடமில்லை. மேலும், இந்த எண் ஏறுமே தவிர இறங்காது. எழுதுவதை நிறுத்தி இருபது ஆண்டுகள் ஆனவருக்கும் பழைய கட்டுரைகள் மூலம் கூடிக்கொண்டே போகலாம். பணிக்காலத்தின் நீளம் கணக்கில் வராததால், முதல் கட்டுரை வெளியானதிலிருந்து கழிந்த ஆண்டுகளால் இந்த எண்ணை வகுத்துப் பார்க்கலாம் என்று ஹிர்ஷே கூறியிருந்தார். பெருமளவு மேற்கோள் பெற்ற கட்டுரைகளுக்குக் கூடுதல் எடை தரும் ஜி சுட்டெண்ணை லியோ எக்கே 2006இல் முன்மொழிந்தார். பத்து மேற்கோள்களாவது பெற்ற கட்டுரைகள் எத்தனை என்று எண்ணும் ஐ10 சுட்டெண் கூகுள் ஸ்காலருக்கே உரியது; வேறெங்கும் அதற்குப் பெரிய பயன்பாடு இல்லை.

ஒரே ஆளுக்குக் கூகுள் ஸ்காலரில் ஒரு எண், ஸ்கோபஸில் இன்னொரு எண். எது சரி?

இரண்டும் தத்தம் கணக்குப்படி சரிதான். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய கட்டணத் தரவுத்தளங்கள் தாங்கள் தேர்ந்தெடுத்த இதழ்களையும் மாநாட்டுத் தொகுப்புகளையும் நூல்களையும் மட்டுமே எண்ணுகின்றன. கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகள், மதிப்பாய்வுக்கு முன்பே இணையத்தில் ஏற்றப்படும் முன்பதிப்புகள், பல்கலைக்கழகத் தளங்களில் கிடக்கும் கோப்புகள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்துக்கொள்ளும். அதனால் அங்கே எண் பெரும்பாலும் பெரிதாகவே தெரியும். மதிப்பீட்டு விண்ணப்பத்தில் எந்தத் தளத்தின் எண், எந்தத் தேதியில் பார்த்தது என்ற இரண்டையும் குறிப்பிடாத எச் சுட்டெண்ணை நான் எழுதிக்கொள்வதே இல்லை.

கூகுள் ஸ்காலரை ஏமாற்றுவது எவ்வளவு எளிது என்பதை 2010இல் சிரில் லாபே என்ற கணினியியல் ஆய்வாளர் செய்து காட்டினார். ஐக் அண்ட்காரே என்ற இல்லாத ஒரு விஞ்ஞானியை உருவாக்கி, கணினி எழுதிய பொருளற்ற கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டும்படி இணையத்தில் ஏற்றினார். அந்தக் கற்பனை மனிதரின் எச் சுட்டெண் 94 ஆனது. அந்த எண்ணை எட்ட முடியாமல் ஓய்வுபெற்ற உண்மையான பேராசிரியர்கள் உலகெங்கும் ஏராளம்.

ஒரே பெயர் உள்ளவர்களின் கட்டுரைகள் கலந்துவிடுமா?

கலக்கும், தாராளமாக. குடும்பப் பெயரும் ஒரு முதலெழுத்தும் மட்டும் அச்சாகும் இதழ்களில் இரண்டு மூன்று பேர் ஒருவராகிவிடுவதும், திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றியவர் இருவராகப் பிரிவதும் உண்டு. 2012இல் தொடங்கிய ஆர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் இதற்காகவே ஏற்பட்டது. எண்ணைப் பெற்றால் மட்டும் போதாது, கட்டுரைகளை அதில் இணைத்திருக்கவும் வேண்டும். இருந்தாலும் ஒருவரை மதிப்பிடும் முன் இணையாசிரியர்களையும் பணிபுரிந்த நிறுவனத்தையும் ஒருமுறை கண்ணால் சரிபார்த்துவிடுவது நல்லது. நரம்பறுவை பற்றி எழுதும் மயக்கவியலாளரின் பட்டியலில் மீன்வளம் பற்றிய கட்டுரை நுழைந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

தாக்கக் காரணி அதிகமான இதழில் வந்தால் கட்டுரையும் உயர்ந்ததுதானே?

தாக்கக் காரணி இதழுக்கு உரிய சராசரி. முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஓர் இதழ் வெளியிட்டவற்றுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களை, அந்த இரண்டு ஆண்டுகளில் அது வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகள், மீளாய்வுகள் ஆகியவற்றின் எண்ணிக்கையால் வகுத்து வருவது. யூஜின் கார்ஃபீல்டு 1955இல் முன்வைத்த மேற்கோள் அட்டவணை என்ற கருத்திலிருந்து வளர்ந்தது. 1975 முதல் ஆண்டுதோறும் வெளியாகிறது. எந்த இதழ்களுக்குச் சந்தா கட்டலாம் என்று நூலகங்கள் முடிவு செய்வதற்கு அது மிகவும் உதவியது. மனிதர்களை எடைபோடுவதற்கு அது உருவாகவில்லை.

சராசரி என்பதுதான் சிக்கல். பெர் செக்லன் 1990களில் காட்டியபடி, ஓர் இதழின் மேற்கோள்களில் ஏறக்குறைய பாதியை அதன் 15 சதவீதக் கட்டுரைகளே ஈட்டித் தருகின்றன; மற்றவை அந்த நிழலில் நிற்கின்றன. எனவே அனஸ்தீசியாலஜி இதழிலோ பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் அனஸ்தீசியாவிலோ வெளியான கட்டுரை என்பது, சக ஆய்வாளர்களின் கடுமையான மதிப்பாய்வைக் கடந்தது என்பதற்குச் சான்றாகலாம். எத்தனை பேர் அதைப் பயன்படுத்தினார்கள் என்பதற்குச் சான்றாகாது. தனிமனிதரை மதிப்பிட இதழின் எண்ணைப் பயன்படுத்தக் கூடாது என்பதே 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவாகி 2013இல் வெளியான ஆய்வு மதிப்பீட்டுப் பிரகடனத்தின் மையக் கருத்து. அதில் கையெழுத்திட்ட நிறுவனங்களின் விண்ணப்பப் படிவங்களிலேயே தாக்கக் காரணிக்கு ஒரு கட்டம் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இதயநோய் ஆய்வாளருக்கு எச் சுட்டெண் 60, மயக்கவியல் ஆய்வாளருக்கு 25. முதலாமவர்தான் பெரியவரா?

அப்படி ஒப்பிடுவதே தவறு. மேற்கோள் என்பது ஒரு துறையில் எத்தனை பேர் எழுதுகிறார்கள், ஒவ்வொருவரும் எத்தனை அடிக்குறிப்பு போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இதயவியலையும் புற்றுநோயியலையும் விட மயக்கவியலில் எழுதுவோர் மிகக் குறைவு. உள்ளுக்குள்ளேயே ஏற்றத்தாழ்வு உண்டு: நாட்பட்ட வலி, தீவிர சிகிச்சை ஆகிய பகுதிகளில் எழுதுபவரை நரம்பியலாளர்களும் பொதுமருத்துவர்களும் கூட மேற்கோள் காட்டுவார்கள், குழந்தைகளுக்கான மயக்க மருந்து அளவையோ மூச்சுப்பாதைக் கருவிகளையோ ஆராய்பவரைத் துறைக்குள் இருப்பவர்கள் மட்டுமே காட்டுவார்கள்.

இந்த ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யச் சில அளவுகள் இருக்கின்றன. அதே துறையில், அதே ஆண்டில், அதே வகையில் வெளியானவற்றின் உலக சராசரியோடு ஒப்பிட்டு ஸ்கோபஸ் ஒரு விகிதம் தருகிறது. 1 என்றால் சராசரி, 2 என்றால் இருமடங்கு. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் உருவாக்கிய சார்பு மேற்கோள் விகிதம், ஒரு கட்டுரையோடு சேர்த்து மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளைக் கொண்டே அதன் துறையை வரையறுக்கிறது. மயக்கவியல் போன்று பல துறைகளின் ஓரத்தில் இயங்கும் ஒன்றுக்கு இரண்டாவது முறை கூடுதலாகப் பொருந்துகிறது என்பது என் கருத்து. கட்டுரைகள் மிகக் குறைவாக உள்ள இளையவரிடம் இரண்டுமே தாறுமாறாக ஆடும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

மயக்கவியலில் எந்த மாதிரியான கட்டுரைகளுக்கு அதிக மேற்கோள் விழுகிறது?

பிறர் கையில் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய அளவுகோலைத் தந்த கட்டுரைகளுக்கு. நுரையீரல் காற்றறைகளில் ஆவி மயக்க மருந்தின் குறைந்தபட்சச் செறிவை வீரியத்தின் அளவாக நிறுவிய 1965ஆம் ஆண்டு எகர் குழுவினரின் கட்டுரை, மயக்கம் தெளிவதை மதிப்பிட 1970இல் ஆல்ட்ரீட் தந்த மதிப்பெண் முறை, வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையின் தோற்றத்தைக் கொண்டு குழாய் செலுத்துவது கடினமாகுமா என்று கணிக்கும் 1985ஆம் ஆண்டு மல்லம்பட்டியின் கட்டுரை ஆகியவை இந்த வரிசையில் வருபவை. அறுவைக்குப் பிந்தைய குமட்டலைக் கணிக்க 1999இல் ஆப்ஃபெல் குழு தந்த முறை இன்னும் எளிது: பெண், புகைபிடிக்காதவர், முன்பே பயணக் குமட்டலோ அறுவைக்குப் பிந்தைய குமட்டலோ கண்டவர், அறுவைக்குப் பின் ஓபியாய்டு (மார்ஃபின் வகை வலிநிவாரணி) பெறுபவர் என்ற நான்கே கேள்விகள். ஒன்றுமில்லாதவருக்கு வாய்ப்பு 10 சதவீதம், நான்கும் உள்ளவருக்கு 79 சதவீதம். குமட்டல் பற்றிய அடுத்த ஆய்வைத் திட்டமிடும் எவரும் இதைக் காட்டாமல் போக முடியாது.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. வர்ஜீனியா அப்கார் ஒரு மயக்கவியலாளர். பிறந்த குழந்தையின் நிலையை ஐந்து அடையாளங்களால் மதிப்பிடும் அவரது முறை 1953இல் ஒரு மயக்கவியல் இதழில்தான் வெளியானது. இன்று உலகெங்கும் பிரசவ அறைகளில் அது பயன்படுகிறது. ஆனால் அதைப் பயன்படுத்தும் ஆய்வுகளில் பெரும்பாலானவை அவருடைய கட்டுரையை அடிக்குறிப்பில் சேர்ப்பதில்லை, தேவையும் இல்லை. ஒரு கருத்து பொதுச்சொத்து ஆனவுடன் மேற்கோள் நின்றுபோகும் இந்நிலையைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்டன் நெடுநாள் முன்பே விளக்கியிருக்கிறார். மிகப் பெரிய தாக்கத்தை மேற்கோள் எண் குறைத்துக் காட்டும் இடம் இது. மல்லம்பட்டி விஷயத்தில் வேறொரு வேடிக்கை: 1985 கட்டுரையில் வகுப்புகள் மூன்றுதான், நான்காவதைச் சேர்த்தவர்கள் 1987இல் சாம்சூனும் யங்கும். நான்கு வகுப்புகளைப் பயன்படுத்திவிட்டு முதல் கட்டுரையை மட்டும் காட்டுவோர் உண்டு.

வழிகாட்டு நெறிமுறைகளும் மீளாய்வுக் கட்டுரைகளும் பொதுவாக மூல ஆய்வைவிட அதிகம் பெறும். பத்து ஆய்வுகளைத் தனித்தனியே காட்டுவதற்குப் பதில் அவற்றைத் தொகுத்த ஒன்றைக் காட்டுவது எழுதுபவருக்கு எளிது.

கட்டுரையில் அறுபது பேர் ஆசிரியர்கள். இவருடைய பங்கு என்ன என்று எப்படித் தெரியும்?

மருத்துவக் கட்டுரைகளில் முதல் பெயர் வேலையை முன்னின்று செய்தவருடையது, கடைசிப் பெயர் பொறுப்பேற்று வழிநடத்தியவருடையது என்பது பொது வழக்கு. நடுவில் இருப்பவர்களைப் பற்றி வரிசை எதுவும் சொல்லாது. பல இதழ்கள் இப்போது கட்டுரையின் இறுதியில் ஒவ்வொருவரின் பங்களிப்பையும் தனியே அச்சிடுகின்றன, அதைப் படியுங்கள்.

அறுவைக்கு முந்தைய, பிந்தைய காலத்தை ஆராயும் பெரிய சோதனைகள் பல நாடுகளின் கூட்டு முயற்சியாகவே நடக்கின்றன. அறுவை நோயாளிகளுக்கு மெட்டோபுரோலால் என்ற இதய மருந்தைக் கொடுத்து 2008இல் வெளியான பாய்ஸ் சோதனையில் 23 நாடுகளின் 190 மருத்துவமனைகளும் 8,351 நோயாளிகளும் இருந்தனர். அப்படிப்பட்ட சோதனையில் உள்ளூர் மையத்தை நடத்தியவரின் உழைப்பு உண்மையானது. ஆனால் அந்தக் கட்டுரையின் ஆயிரக்கணக்கான மேற்கோள்களும் அவருடைய எச் சுட்டெண்ணில் முழுமையாகச் சேர்ந்தால், சிறு சோதனையைத் தானே வடிவமைத்து முடித்தவரைவிட அவர் பெரியவராகத் தோன்றுவார். எண்களைக் கேட்கும்போது, முதல் அல்லது கடைசி ஆசிரியராக உள்ளவற்றுக்குத் தனிக் கணக்கு கேட்பதே நியாயம்.

தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டுவது குற்றமா?

இல்லை. ஒரே மருந்தைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்பவர் தம் முந்தைய வேலையைக் காட்டாமல் எழுத முடியாது. அளவு மீறினால்தான் கேள்வி எழும். ஸ்கோபஸிலும் வெப் ஆஃப் சயின்ஸிலும் சுயமேற்கோள்களைக் கழித்துவிட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது. கழித்ததும் எண் பாதியாகச் சரிந்தால் அடிக்குறிப்புகளைத் திறந்து பாருங்கள். நண்பர்கள் வட்டம் ஒன்றையொன்று காட்டிக்கொள்வதை இந்த வசதி பிடிக்காது.

ஆண்டுக்கு முப்பது கட்டுரை எழுதுகிறார். அதைப் பாராட்ட வேண்டாமா?

முதலில் எப்படி முடிகிறது என்று கேட்க வேண்டும். பெரிய கூட்டமைப்பில் இருப்பவருக்கு, முந்தைய பதில் ஒன்றில் சொன்ன காரணத்தால், அது இயல்பாகவே நடக்கலாம். ஒரே மருத்துவமனையில் ஓரிருவர் மட்டும் சேர்ந்து, ஆள்களைச் சேர்த்து, மருந்து கொடுத்து, கண்காணித்து, ஆண்டுதோறும் பத்து சோதனைகளை முடிக்கிறார்கள் என்றால் கணக்கு இடிக்கிறது. மயக்கவியல் இந்தப் பாடத்தை மிக அதிக விலை கொடுத்துக் கற்ற துறை என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஜப்பானைச் சேர்ந்த யோஷிடகா ஃபுஜி, அறுவைக்குப் பிந்தைய குமட்டலுக்கான கிரானிசெட்ரான் உள்ளிட்ட மருந்துகளைப் பற்றி ஏராளமாக எழுதினார். எண்களை மட்டும் பார்த்தால் அவர் துறையின் முன்னணி ஆய்வாளர். 2000ஆம் ஆண்டிலேயே கிராங்கே, ஆப்ஃபெல் முதலியோர் அனஸ்தீசியா அண்ட் அனல்ஜீசியா இதழுக்கு எழுதிய கடிதத்தில், அவருடைய தரவுகள் நம்ப முடியாத அளவுக்கு அழகாக இருக்கின்றன என்று நாகரிகமாகச் சுட்டிக்காட்டினர். பக்கவிளைவாகப் பதிவான தலைவலியின் எண்ணிக்கை கட்டுரைக்குக் கட்டுரை எல்லாக் குழுக்களிலும் ஒன்றாகவே இருந்தது. அதன் பிறகும் பத்தாண்டுக்கு மேல் கட்டுரைகள் வந்துகொண்டே இருந்தன. 2012இல் ஜான் கார்லைல் என்ற பிரிட்டிஷ் மயக்கவியலாளர் ஃபுஜியின் 168 சோதனைகளை எடுத்து, குழுக்களின் வயது, எடை போன்ற தொடக்க அளவுகள் தற்செயலாக அப்படி அமைய வாய்ப்பே இல்லை என்று புள்ளியியல் வழியாகக் காட்டினார். அதே ஆண்டு ஜப்பானிய மயக்கவியலாளர் சங்கம் 212 கட்டுரைகளை விசாரித்து, 172இல் தரவுகள் புனையப்பட்டவை என்று அறிவித்தது. மோசடி இல்லை என்று உறுதிசெய்ய முடிந்தவை மூன்றே மூன்று. அந்தப் பட்டியலும் அதன் மேற்கோள்களும் எந்தச் சுட்டெண்ணிலும் கடைசி நாள் வரை கம்பீரமாகவே நின்றன.

கார்லைல் பிற்பாடு இன்னொன்றும் செய்தார். அனஸ்தீசியா இதழுக்கு வந்த 526 சோதனைகளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார்: மொத்தத்தில் 14 சதவீதத்தில் பொய்த் தரவு தென்பட்டது; ஒவ்வொரு நோயாளியின் தனித் தரவும் கிடைத்தவற்றை மட்டும் எடுத்தால் அது 44 சதவீதம். சுருக்க அட்டவணையை மட்டும் பார்த்தால் பெரும்பாலான பொய் கண்ணில் படாது என்பதே இதன் பொருள்.

மோசடி என்று தெரிந்து கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டால் மேற்கோள்களும் போய்விடும் அல்லவா?

போகாது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரை பட்டியலில் ஓர் அறிவிப்போடு தங்கியிருக்கும், முன்பு வந்த மேற்கோள்களும் எண்ணிக்கையில் இருக்கும், புதியவையும் சேரும். அமெரிக்க மயக்கவியலாளர் ஸ்காட் ரூபனின் 21 கட்டுரைகள் 2009இல் புனைவு என்று வெளிப்பட்டன. அறுவைக்குப் பிந்தைய வலிக்குப் பல மருந்துகளை இணைத்துக் கொடுக்கும் முறைக்கு அவை முக்கிய ஆதாரமாக இருந்தவை. பின்வந்த ஆண்டுகளிலும் அவை தொடர்ந்து மேற்கோள் காட்டப்பட்டன. காட்டியவர்களில் திரும்பப் பெறப்பட்ட செய்தியைக் குறிப்பிட்டோர் சிறுபான்மையினரே.

இதன் விளைவு எண்களோடு நிற்பதில்லை. ஜெர்மனியின் யோவாகிம் போல்ட், ரத்த அளவை ஈடுசெய்ய நரம்பு வழியே ஏற்றும் ஹைட்ராக்ஸி எத்தில் ஸ்டார்ச் என்ற திரவத்துக்கு ஆதரவாக நிறைய எழுதியவர். 2010இல் ஒரு கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மறு ஆண்டு, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லை என்ற காரணத்தால் 80க்கும் மேற்பட்டவை. இன்று மொத்தம் 200ஐத் தாண்டுகிறது. பல ஆய்வுகளின் தரவை ஒன்றுசேர்த்து 2013இல் ஜாமா இதழில் வெளியான தொகுப்பாய்வில் அவருடைய 7 ஆய்வுகளை நீக்கிப் பார்த்தபோது, தீவிர சிகிச்சை நோயாளிகளில் இந்தத் திரவம் இறப்பையும் சிறுநீரகப் பாதிப்பையும் கூட்டுவது தெரிந்தது. சேர்த்து வைத்திருந்தவரை அந்த அபாயம் மங்கலாகவே இருந்தது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் இத்திரவங்களின் விற்பனை உரிமத்தையே நிறுத்தி வைத்தது.

ஆகவே ஒருவரின் பதிவைப் பார்க்கும்போது, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்திலும் தேடுங்கள். 2023 முதல், கட்டுரைகளுக்கு அடையாள எண் பதிவு செய்யும் அமைப்பான கிராஸ்ரெஃப் அதை யாரும் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கிறது. பெயர் அகப்பட்டால் காரணத்தையும் படியுங்கள்: தாமே பிழையைக் கண்டு நேர்மையாகத் திரும்பப் பெற்றவரையும் மேற்சொன்னவர்களையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம்.

உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள் பட்டியலில் பெயர் இருக்கிறதாம். அது போதாதா?

ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸ் குழு 2019 முதல் வெளியிடும் பட்டியல் அது. ஸ்கோபஸ் தரவைக் கொண்டு, மொத்த மேற்கோள், எச் சுட்டெண், இணையாசிரியர் எண்ணிக்கைக்கேற்பத் திருத்திய எச் சுட்டெண், ஒற்றை, முதல், கடைசி ஆசிரியராக உள்ளவற்றின் மேற்கோள் ஆகிய ஆறு அளவுகளை ஒரே மதிப்பெண்ணாக்குகிறார்கள். உட்துறைவாரியாகப் பிரிப்பதாலும் ஆசிரியர் வரிசையைக் கணக்கில் எடுப்பதாலும் வெறும் எச் சுட்டெண்ணைவிட இது மேம்பட்டதே. முழுப் பணிக்காலப் பட்டியல், ஒற்றை ஆண்டுப் பட்டியல் என இரண்டு உண்டு. விளம்பரங்களில் எது என்று சொல்வதில்லை. இதுவும் மேற்கோளிலிருந்தே பிறப்பதால், இரண்டாவது கேள்விக்குச் சொன்ன பதில் இதற்கும் பொருந்தும்.

எண்களை நம்பாதே என்றால் வேறு எதைத்தான் பார்ப்பது? குழுவுக்கு அரைமணி நேரம்தான் இருக்கிறது.

எண்களை ஒதுக்கச் சொல்லவில்லை. அவற்றோடு நிறுத்த வேண்டாம் என்கிறேன். அரைமணி நேரத்தில் செய்யக்கூடியது இது. விண்ணப்பதாரரிடமே அவர் முக்கியமாகக் கருதும் மூன்று கட்டுரைகளைக் குறிக்கச் சொல்லுங்கள். அவற்றில் சோதனை இருந்தால், முதல் நோயாளி சேரும் முன்பே சோதனைகளுக்கான பொதுப் பதிவகத்தில் பதிவானதா, அங்கே அறிவித்த முதன்மை விளைவும் கட்டுரையில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். முன்பதிவை மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு 2005 முதல் நிபந்தனையாக வைத்திருக்கிறது. அடுத்து, அந்த மூன்றையும் மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் நான்கைந்தைத் திறந்து, எந்த இடத்தில், எதற்காகக் காட்டியிருக்கிறார்கள் என்று படியுங்கள். முன்னுரையின் பொதுவரியில் வருவதும் முறைகள் பகுதியில் வருவதும் வேறுவேறு.

வழிகாட்டு நெறிமுறை எதிலாவது ஒரு பரிந்துரையை அந்த ஆய்வு மாற்றியிருக்கிறதா என்பதும் கேட்கத் தகுந்தது. மயக்கத்தில் மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் குரல்வளை முகமூடிக் குழாயை ஆர்ச்சி பிரெயின் 1983இல் ஒரு கட்டுரையாக அறிமுகப்படுத்தினார். அதன் செல்வாக்கை அறிய மேற்கோள்களை எண்ணிக்கொண்டிருப்பதைவிட எந்த அறுவை அரங்கின் தள்ளுவண்டியையும் திறந்து பார்ப்பது சுலபம்.

எச் சுட்டெண் 9 உள்ள இளையவரும் 31 உள்ள மூத்தவரும் ஒரே பதவிக்கு வருகிறார்கள். இளையவரைத் தேர்ந்தால் எப்படி நியாயப்படுத்துவது?

பதவி எதைக் கேட்கிறது என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் நியாயப்படுத்துவது கடினமில்லை. சோதனைகளை வடிவமைத்து நடத்தும் பதவி என்று எழுதியிருந்தால், சுட்டெண்ணில் கணக்கான ஒன்பது கட்டுரைகளில் ஐந்து முன்பதிவான சோதனைகள், ஐந்திலும் முதல் ஆசிரியர், தனித் தரவும் பகிரப்பட்டது என்ற பதிவு, அப்படிக் கணக்கான முப்பத்தொன்றில் பெரும்பகுதி கூட்டமைப்புக் கட்டுரைகளும் மீளாய்வுகளுமாக உள்ள பதிவைவிட அந்தப் பணிக்குப் பொருத்தமானது என்று குறிப்பேட்டில் எழுதலாம். பயிற்சித் திட்டத்தை வழிநடத்தவோ நெறிமுறைக் குழுக்களில் துறையின் குரலாக இருக்கவோ ஆள் தேடினால் மூத்தவரின் பதிவே கூடுதலாகப் பேசும்.

தொழில் வயதையும் குறிப்பேட்டில் சேருங்கள். முதல் கட்டுரை எழுதி ஆறு ஆண்டுகளில் 9 எட்டியவரும் இருபத்தெட்டு ஆண்டுகளில் 31 எட்டியவரும், ஹிர்ஷ் சொன்ன வகுத்தலின்படி, முன்னவர் 1.5, பின்னவர் 1.1 என்று வருகிறார்கள். மகப்பேறு, நோய், முழுநேர மருத்துவப் பணி ஆகியவற்றால் ஏற்பட்ட இடைவெளிகளைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும். மயக்கவியலில் இது முக்கியம்: வாரம் ஐந்து நாளும் அறுவை அரங்கில் நிற்பவருக்கும், மூன்று நாள் ஆய்வுக்கென ஒதுக்கப்பட்டவருக்கும் கிடைக்கும் நேரம் ஒன்றல்ல. அந்த ஒதுக்கீடு எவ்வளவு என்பதை விண்ணப்பப் படிவம் கேட்பதில்லை. நேர்காணலில் நீங்கள் கேட்கலாம்.